ஜவ்வாது மலைக்கு ஒற்றைச் சைக்கிள்

என் மச்சானே, ஏழுமலை,

செஞ்சியில் ஒரு லாட்ஜ் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளிச்சம் இன்னும் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே பாறை பாறையாகக் குன்றுகள். நாளைக்குத் திருவண்ணாமலை தாண்டிப் போளூர், அதற்கு மறுநாள் ஜவ்வாது மலை ஏற்றம். நாம் இரண்டு பேரும் பேசி வைத்த அதே வழி. ஆள்தான் ஒன்று, சைக்கிளும் ஒன்று.

என் சட்டையில் ரத்தம் காய்ந்து கிடக்கிறது. என்னுடையது இல்லை. யாருடையது என்று சொல்கிறேன், பொறு.

இதைப் படிக்கப் போகிறவர்களுக்கு நம்மைத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குத் திரும்பச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. நான் மரக்காணம் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறவன். நீ வடக்குக் குப்பத்து மீனவன். கருவாட்டுக்கு உப்பு வாங்க வந்தவன், மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு, வெறும் சைக்கிளில் போன என்னை முந்திக்கொண்டு போனாய். எனக்குப் பொறுக்கவில்லை. கரை மேலேயே துரத்தி வந்து இடித்தேன். இரண்டு பேரும் உருண்டு உப்புப் பாத்திக்குள் விழுந்து, சட்டையைப் பிடித்து அடித்துக்கொண்டோம். உன் மூக்கு உடைந்தது, என் உதடு கிழிந்தது. காயத்தில் உப்புத் தண்ணீர் பட்டதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அலறினோம். அப்புறம் சிரித்தோம். நம் சிநேகம் அப்படித்தான் ஆரம்பித்தது.

மலைக்குப் போகும் ஆசை உன்னுடையது. “பேர்ல ஏழு மலைய வச்சிக்கினு ஒரு மலைகூட ஏறலன்னா கேவலம்டா அந்தோணி” என்பாய். இடையஞ்சாவடியில் ஊருக்குத் திரும்பிப் போகிற ஒரு வெள்ளைக்காரர் தன் கியர் சைக்கிளை விற்றபோது இரண்டு பேரும் சேர்ந்து வாங்கினோம். இன்னொன்று என் பழைய கறுப்புச் சைக்கிள். ஊருக்கு ஊர் மாற்றி மாற்றி ஓட்டலாம் என்று பேச்சு.

மேடே இல்லாத ஊரில் மலைக்கு எப்படிப் பழகுவது? மத்தியானம் கடல் காற்று எழும்பும்போது உப்பளத்துச் சாலையில் அதற்கு எதிராக மிதிக்க வைத்தாய். பின்னால் உப்பு மூட்டை. காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். “இத ஏறு மொதல்ல. மலைனா இன்னா, நகராத காத்து, அவ்ளோதான்” என்று கத்துவாய். ஞாயிற்றுக்கிழமைகளில் ஈசிஆரிலிருந்து இடையஞ்சாவடிக்கு ஏறுகிற செம்மண் மேடு. நம் பக்கத்தில் இருந்த ஒரே ஏற்றம் அது. ஏறி இறங்கி, மறுபடி ஏறி, ஒரு நாள் வேலி ஓரத்தில் வாந்தி எடுத்தாய். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் கீழே இறங்கிப் போனாயே, அந்தப் பிடிவாதத்தை எங்கிருந்து வாங்கி வந்தாய்?

அந்த நாளும் அந்த மேட்டிலிருந்துதான் திரும்பினோம்.

உன் அண்ணன் தேசிங்கு அன்று காலை கடலில் தெற்குக் குப்பத்துக்காரர்களின் சுருக்குவலையை அறுத்திருந்தான். பெரிய வலை போட்டு மொத்த மீனையும் வாரிக்கொண்டு போகிறார்கள் என்று நெடுநாள் பகை. சுனாமிக்குப் பிறகு, இருந்ததெல்லாம் போன வயிற்றெரிச்சலில், அது இன்னும் முற்றியிருந்தது. நமக்கு எதுவும் தெரியாது. நாம் பாட்டுக்குப் பிரேக் கட்டை மாற்றுவதைப் பற்றிப் பேசிக்கொண்டே குப்பத்துக்குள் வந்தோம்.

கரையில் கூட்டம். துடுப்பு, சவுக்குக் கட்டை, வெட்டுக்கத்தி. ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு ஓடினான், விரல் இடுக்கெல்லாம் ரத்தம். “நான்தான்டா அறுத்தேன், வாங்கடா!” என்று தேசிங்கு கத்தியது கேட்டது. அடுத்த நொடி அவன் மணலில் கிடந்தான், மேலே நாலைந்து பேர். நீ யோசிக்கவே இல்லை. சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்கிக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு நடுவில் புகுந்தாய்.

தெற்குக் குப்பத்துச் செங்கேணி துடுப்பை வீசினான். முதல் அடி முன்சக்கரத்தில் விழுந்தது. செங்கேணியை நமக்குத் தெரியாதா? கடையில் நம்மோடு டீ குடித்தவன். இரண்டாவது அடி உன் தலையில். ஈர மணலில் கல் விழுவது போன்ற சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை, மச்சான். நான் பாய்ந்து அவன் மணிக்கட்டைக் கடித்தேன். பல் இறங்கிற்று. அவன் ரத்தம் என் தொண்டை வரைக்கும் போயிற்று. முதுகில் யாரோ கல்லால் அடித்தார்கள், நான் விடவில்லை. அவன்தான் துடுப்பை விட்டான்.

பாண்டி ஆஸ்பத்திரிக்கு வேனில் கொண்டு போனோம். உன் தலை என் மடியில். கண் மூடியிருந்தது, பேச்சில்லை, கால் இரண்டும் மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தன. எந்த மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாய்? வழியிலேயே அதுவும் நின்றது.

போலீசில் பார்த்ததைச் சொன்னேன். சொன்ன மறுநாள் தேசிங்கு உப்பளத்துக்கு வந்தான். அடிபட்டுக் கீழே கிடந்ததால் உன்னை அடித்தவன் யார் என்று அவன் பார்க்கவில்லை.

“ஸ்டேஷன்ல இன்னாடா சொன்ன?”

“பாத்தத சொன்னேண்ணா. செங்கேணிதான் அடிச்சான்னு.”

“வலைய அறுத்தது யாருன்னு கேட்டானுங்களா?”

“கேட்டாங்க. நீதான்னு சொன்னேன்.”

“அந்தப் பேர எங்கிட்ட மட்டும் சொல்லியிருந்தா, பொழுது சாயறதுக்குள்ள நான் முடிச்சிருப்பேன்டா. எங்க கரை விசயத்த எதுக்குடா காக்கிகிட்ட கொண்டு போன?”

உப்பு வாருகிற பலகையைப் பிடுங்கி அடித்தான். தோளில், விலாவில், மறுபடி தோளில். கழுத்தெலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கூட வேலை செய்தவர்கள் ஓடி வருவதற்குள் என்னைப் பாத்திக்குள் தள்ளி முகத்தை உப்புத் தண்ணீரில் அமுக்கினான். கண், மூக்கு, கிழிந்த தோல் எல்லாம் நெருப்பாக எரிந்தது. உன்னோடு விழுந்தபோது எரிந்த மாதிரி இல்லை இது. அவர்கள் இழுத்து எடுத்தபோது பார்த்தேன், தேசிங்கு அழுதுகொண்டிருந்தான். அவனுக்கு விழ வேண்டிய அடி உன் மேல் விழுந்தது. அதை வைத்துக்கொண்டு அவன் எங்கே போவான்? என்னிடம்தான் வந்தான்.

அவன் மேல் கேஸ் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்காதே.

கைக்குக் கட்டுப் போட்டுத் தொங்கவிட்டிருந்த காலத்தில் கியர் சைக்கிளை வீட்டுக்குள் கொண்டு வந்தேன். நசுங்கிய முன்சக்கரத்துக்குப் பாண்டியில் புது ரிம் போட்டிருந்தேன். பின்சக்கரம் தரையில் படாதபடி செங்கல் அடுக்கி நிறுத்தி, ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு மிதித்தேன். என் மனைவி ஸ்டெல்லாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு செங்கல்லை உருவி விட்டெறிந்தாள். சுவரில் காரை பெயர்ந்தது.

“மலைக்கும் போவ வேணாம், கோர்ட்டுக்கும் போவ வேணாம். செத்தவன் ஒருத்தன் போதாதா? உன்னயும் தூக்கிக்கினு வரணுமா நான்?”

நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். பிறகு அந்தச் செங்கல்லை எடுத்து வந்து அவளே பழையபடி வைத்தாள்.

எலும்பு கூடியதும் சாலைக்கு வந்தேன். மறுபடி காற்று, மறுபடி மூட்டை. உப்புக் காற்றில் செயின் துருப்பிடிக்காமல் இருக்க ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டேன். உன் வேலை அது. எனக்குப் பொறுமை கிடையாது என்று திட்டுவாயே, இப்போது வந்து பார்.

தெற்குக் குப்பத்துப் பையன்கள் மோட்டார் பைக்கில் பின்னாலேயே வர ஆரம்பித்தார்கள். அனுமந்தை தாண்டி ஒரு இடத்தில் பக்கத்தில் வந்து சக்கரத்தை எட்டி உதைத்தார்கள். தாரில் தேய்த்துக்கொண்டு போய் விழுந்தேன். ஒரு பக்கத் தோல் முழங்காலிலிருந்து இடுப்பு வரைக்கும் உரிந்தது. ஒருவன் இறங்கி வந்து என் கால் மேல் செருப்பை வைத்து அழுத்தினான். “கோர்ட்டுப் பக்கம் வந்த, இந்தக் காலு இருக்காது. அப்புறம் எத வச்சி மலை ஏறுவ?” என்றான். மலை விஷயம் அவர்கள் வரைக்கும் போயிருக்கிறது பார்.

அதற்குப் பிறகு வெறியோடு ஓட்டினேன். செங்கேணி முகத்தை ஒவ்வொரு மிதிக்கும் கீழே வைத்து நசுக்கினேன். செம்மண் மேட்டில் பாதியில் மூச்சு அறுந்து சைக்கிளோடு சாய்ந்தேன். அடுத்த வாரமும் அப்படியே. அப்போதுதான் ஒன்று புரிந்தது. ஆத்திரம் சமதரையில் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போகும். ஏற்றத்தில் கழுத்தைப் பிடித்துவிடும். மூச்சை எண்ணி, சின்ன கியரில், யாரையும் நினைக்காமல் மிதித்த நாளில் நிற்காமல் மேலே போய்ச் சேர்ந்தேன். யாரையும் நினைக்காமல் என்றால் உன்னையும்தான். மேலே போனதும் அதற்காக அழுதேன்.

கோர்ட்டில் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். திண்டிவனம் நம் வழியில்தானே இருக்கிறது? சாட்சி சொல்லிவிட்டு அங்கிருந்தே மலைக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தேன். பஸ் ஸ்டாண்டில் அவர்கள் ஆள் நிற்பார்கள் என்று தெரியும். விடிந்ததும் உள் வழியாகச் சைக்கிளில் கிளம்பினேன். ஸ்டெல்லா கேழ்வரகு மாவில் வெல்லம் போட்டு உருண்டை பிடித்துக் கொடுத்தாள். பிரேக்கை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இன்றைக்குத்தான் அது. கூண்டில் செங்கேணி இளைத்துப் போய் நின்றான். மணிக்கட்டில் என் பல் தடம் இன்னும் இருக்கிறது. உன்னை அடித்தவன் என்று அவனைக் காட்டினேன். அவன் வக்கீல் எழுந்தார்.

“வலைய அறுத்தது யாரு? அத சொல்லு மொதல்ல.”

கடைசி வரிசையில் தேசிங்கு நின்றுகொண்டிருந்தான். அவனைப் பார்த்துக்கொண்டே, “செத்துப்போனவனோட அண்ணன் தேசிங்குங்க” என்றேன். அவன் அசையவில்லை.

வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்கக் குனிந்தேன். செங்கேணியின் மைத்துனன் இரும்புக் குழாயோடு ஓடி வந்ததை நான் பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது எனக்கு முன்னால் தேசிங்கு கையைக் குறுக்கே நீட்டி நின்றான். குழாய் அந்தக் கையில் இறங்கியது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அந்தக் கையோடேயே தேசிங்கு அந்த மைத்துனனை இடித்துத் தள்ளி, கீழே போட்டு, கழுத்தில் மிதித்தான். அவன் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் உயிர் போயிருக்கும். நான் தேசிங்கின் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தேன். “வுடுடா! வுடுடா என்ன!” என்று முழங்கையால் என் வாயில் இடித்தான். விடவில்லை. போலீஸ் வந்து லத்தியால் எல்லோரையும் பிரித்தது. மைத்துனன் இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தான். சட்டையில் இருப்பது உன் அண்ணன் ரத்தம்.

ஆட்டோவில் ஏற்றும்போது கேட்டேன். “எதுக்குண்ணா குறுக்க வந்த?”

“எந்தம்பிய அடிச்சது யாருன்னு சொல்ல உன் ஒரு வாய்தான்டா இருக்குது.” வலியில் பல்லைக் கடித்தான். “உன்ன நான் இன்னும் மன்னிக்கல. தெரிஞ்சிக்கோ. போ, போயி மலைய ஏறிட்டு வா. வந்தப்புறம் பேசிக்கலாம்.”

பேசிக்கலாம் என்று உன் அண்ணன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அதற்கு என்ன அர்த்தம், மச்சான்? பேச்சா, பலகையா?

லாட்ஜ்காரர் ஒரு பக்கெட் வெந்நீர் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இனிமேல்தான் சட்டையைத் துவைக்க வேண்டும்.

மலையை ஏறி முடிப்பேனா தெரியாது. அதற்கு உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. இதற்குக் கொடுக்கிறேன். இறங்கி வந்ததும் வீட்டுக்குப் போகிறதுக்கு முன்னால் தேசிங்கிடம் போய் உட்காருவேன். திட்டினால் கேட்டுக்கொள்வேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன். வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு தெற்கே திரும்பினால் மட்டும், இன்றைக்குப் பிடித்த மாதிரியே இடுப்பைக் கட்டிப் பிடிப்பேன். என் எலும்பு எத்தனை முறிந்தாலும் விடமாட்டேன். உன் வீட்டிலிருந்து இன்னொருவனை மடியில் வைத்துக்கொண்டு நான் வேனில் போகமாட்டேன்.

பெண் கொடுத்துப் பெண் எடுக்காமலே உனக்கு மச்சானாகிப்போன,
அந்தோணி