இறுதி ஆட்டத்திற்கு நான் வந்திருந்தேன்

அனுப்புநர்:
ச. அய்யாத்துரை,
செயலாளர், முல்லைக்கரை கைப்பந்துக் கழகம்,
ஜீப் நிலையம் எதிரில், கூடலூர்,
உத்தமபாளையம் வட்டம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
காப்பாளர், பள்ளத்தாக்குக் கேடயக் கைப்பந்துப் போட்டிக் குழு,
மதுரை.

பொருள்: கைப்பந்து – பள்ளத்தாக்குக் கேடயம் – சென்ற ஆண்டு இறுதி ஆட்டத்திற்கு எங்கள் கழகத்திலிருந்து எவரும் வரவில்லை என்று கூறி மூன்று ஆண்டுகள் தடை விதித்தது – உண்மையைப் பதிவு செய்து தடையை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கழக உறுப்பினர்கள் அனைவரும் சேர்ந்து அனுப்பும் மனுவாக இது இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் கையெழுத்துப் போடும் வயதில் இன்று கழகத்தில் இருப்பவன் நான் ஒருவன்தான். ஆகவே நானே எழுதுகிறேன். சற்று நீளமாக இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

1. கூடலூரிலிருந்து குமுளிப் பக்கம் போகும் ஜீப்புகளுக்கு ஆள் சேர்த்து ஏற்றிவிடுவது என் தொழில். வயது முப்பத்து நான்கு. எங்கள் கழகம் தொடங்கிய நாளிலிருந்து நான் அதில் ஆடி வருகிறேன். உயரம் போதாததால் வலைக்கு மேலே எழும்பி அடித்ததில்லை. அடிப்பவர்களுக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பதே என் இடம். 1971ஆம் ஆண்டுக் கோடையில் எங்கள் முதல் அணியின் ஆறு பேருக்கும் வேலை கிடைத்தது. சிலர் போலீஸ் அணிக்கும், சிலர் ரயில்வேக்கும், மற்றவர்கள் ஆலைகளுக்கும் போனார்கள். ஏழாவது ஆளாகிய என்னை எவரும் கேட்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆடத் தெரிந்தவனுக்குச் சம்பளம் கிடைப்பது கழகத்துக்கும் பெருமைதான். ஆனால் அவர்கள் போன பிறகு மாலையில் வலை கட்டினால் அந்தப் பக்கம் நிற்க ஆள் இல்லை. இரண்டு கோடைகள் சந்தைக் கொட்டகைச் சுவரில் பந்தை அடித்து, திரும்பி வருவதை நானே எடுத்துக்கொண்டிருந்தேன்.

2. எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கப் போகிறவர்கள். இருட்டும் நேரத்தில்தான் திரும்புவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் அவர்களுடைய பிள்ளைகள் வீட்டுக்குப் போவதில்லை; வீட்டில் ஆள் இல்லை. ஜீப் நிலையத்துக்கு வந்து, வருகிற வண்டியில் எல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மலைப்பாதையில் மழை பெய்தால் வண்டி தாமதமாகும். அன்று ஒருவரோடு ஒருவர் பேசவும் மாட்டார்கள். வண்டிகளுக்கு நடுவே ஓடி அடிபடாமல் இருக்கட்டும் என்றுதான் முதலில் அவர்கள் கையில் பந்தைக் கொடுத்தேன். கழகத்தை மறுபடி கட்டவேண்டும் என்று அன்றே நினைத்ததாகச் சொன்னால் அது பொய்.

3. நிலையத்துக்கு எதிரேயுள்ள காலி இடத்தில் கல் பொறுக்கி, மண் நிரவி, வலையைப் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கட்டினேன். ஆண்டுக்கு ஒரு சாண் ஏற்றினேன். முதல் ஆண்டு யாரையும் அடிக்க விடவில்லை. பந்தைக் கீழே விடாமல் அடுத்தவனுக்குக் கொடுப்பது மட்டுமே ஆட்டம். ஜீப் வந்து நின்றால் அவரவர் அம்மாவோடு போய்விடுவார்கள். ஆட்டம் பாதியில் நிற்கும். கர்ணன் என்ற பையனின் தாயார் ராக்கம்மாள் மட்டும் உடனே கூப்பிட மாட்டார். மடியில் பையை வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்து, அவன் ஆடி முடிக்கும்வரை பார்த்திருப்பார். உடம்பு முழுவதும் ஈரமும் அலுப்புமாக வந்தவர் அப்படி உட்கார்ந்ததை நான் மறக்கவில்லை. இப்படி ஐந்தாறு ஆண்டுகளில் அந்தக் கூட்டத்திலிருந்து ஆறு பேர் தேறினார்கள். கர்ணன் இடக்கையால் அடிப்பான். அழகுமலை எந்தப் பந்தையும் தரையில் விழ விடமாட்டான். அவர்களோடு ஏழாவது ஆளாக, யாராவது அடிபட்டால் இறங்குவதற்கென்று, என் பெயரையும் பதிவு செய்துகொண்டேன்.

4. சென்ற ஆண்டு ஆவணி மாதம் தேனியில் நடந்த பள்ளத்தாக்குக் கேடயப் போட்டியில் எங்கள் பிள்ளைகள் அரையிறுதியில் வென்றார்கள். இறுதி ஆட்டம் மறுநாள் மாலை, ஒரு நூற்பாலை அணியுடன். அன்று சாயங்காலமே போட்டிக் குழுச் செயலாளர் நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூட அறைக்கு வந்தார். அவர் அந்த ஆலையிலும் அலுவலர். பிள்ளைகளை வராந்தாவுக்கு அழைத்து, மறுநாள் காலையில் ஆலையில் ஆள் எடுப்பதாகவும், ஆறு பேரும் வந்து ஆடிக் காட்டினால் வேலைக்குப் பார்க்கலாம் என்றும் சொன்னார். நான் அருகில் போய், இறுதி ஆட்டத்தை ஒரு நாள் தள்ளி வைக்கவேண்டும் அல்லது ஆள் எடுப்பதைத் தள்ளி வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். இரண்டும் முடியாது என்றார். சாயங்காலத்துக்குள் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பலாமா என்று கேட்டேன். டாக்டர் பார்க்கவேண்டும், நேரமாகும் என்றார். கோபமாகப் பேசவில்லை. போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

5. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார்கள். கர்ணன்தான் பேசினான். "அண்ணே, நாங்க போகல. நாளைக்கு ஆடுவோம். அடுத்த வருசம் வேலைக்குக் கூப்பிட மாட்டாகளா?" என்றான். கூப்பிடலாம், கூப்பிடாமலும் போகலாம் என்று எனக்குத் தெரியும். அவனுடைய தாயார் அன்றும் மலைக்குப் போயிருந்தார். காலையில் அவரை ஜீப்பில் ஏற்றிவிட்டு வந்தவனே நான்தான். "போங்கடா. கேடயம் எங்கயும் ஓடிராது. நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னேன். அழகுமலை, "நீங்க ஒத்த ஆளா என்ன பண்ணுவீக?" என்று கேட்டான். படுங்கள், காலையில் முதல் பஸ்ஸுக்குப் போகவேண்டும் என்று மட்டும் சொன்னேன். இந்த முடிவு முழுக்க என்னுடையது. பிள்ளைகள் எவரும் போட்டியை மதிக்காமல் போகவில்லை என்பதைத் தங்கள் சமூகத்திற்குத் தெரிவிக்கவே இவ்வளவும் எழுதினேன்.

6. மறுநாள் மாலை குறித்த நேரத்துக்கு முன்பாகவே நான் ஆடுகளத்துக்குப் போய்விட்டேன். கழகத்தின் பனியன் அணிந்திருந்தேன். பிள்ளைகளுடைய பனியன்கள் ஆறும் பையில் இருந்தன. எப்படியாவது பஸ் பிடித்து வந்துவிடுவார்கள் என்று ஒரு நினைப்பு. எதிர் அணியினர் வந்து வரிசையாக நின்றார்கள். என் பக்கத்தில் நான் மட்டும் நின்றேன். பார்க்க வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அது சிரித்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. நடுவராக இருந்த உடற்பயிற்சி ஆசிரியர் திரு. ஜெபமணி அவர்கள் என்னிடம் வந்து, "ஆறு பேர் இல்லாம நான் விசில் ஊத முடியாது அய்யாத்துரை. வெளிய வந்துருங்க" என்றார். "சார், ஆடித் தோத்ததா எழுதிக்கிருங்க. நான் ஒத்தையா ஆடித் தோத்துட்டுப் போறேன்" என்றேன். அவர் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "தோக்குறதுக்கும் ஆறு பேர் வேணும்யா" என்றார். அவர் குரலில் கேலி இல்லை. நான் வலைக்கு அந்தப் பக்கம் போய் எதிர் அணியினர் ஆறு பேருக்கும் கைகொடுத்துவிட்டு வெளியே வந்தேன். கேடயம் கொடுத்து முடியும்வரை அங்கேயே நின்றேன். அதன் பிறகுதான் கூடலூர் பஸ் ஏறினேன்.

7. ஆள் எடுத்ததில் ஐந்து பேருக்கு வேலை கிடைத்தது. அழகுமலைக்குக் கண் பார்வை போதவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவன் இப்போது குமுளியில் மூட்டை தூக்கப் போகிறான். தினமும் காலையில் அவனை ஜீப்பில் ஏற்றிவிடுபவன் நான். நன்றாகத்தான் பேசுகிறான், பந்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. மாலையில் திரும்பி வரும்போது வலை கட்டிய பக்கம் பார்க்காமல் இறங்கிப் போகிறான். மகன் வேலையில் சேர்ந்த மறுநாள் ராக்கம்மாள் நிலையத்துக்கு வந்து, "தம்பி, இனிமே எனக்கு எடம் போட்டு வைக்காதீக. எம் மகன் மலைக்குப் போகக் கூடாதுன்னுட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்துக்குச் சாட்சி இல்லை.

8. அதன் பிறகு போட்டிக் குழுவின் உத்தரவு வந்தது. "இறுதி ஆட்டத்திற்கு இக்கழகத்திலிருந்து எவரும் வரவில்லை, போட்டியை அவமதித்த குற்றத்திற்காக மூன்று ஆண்டுகள் தடை" என்று அதில் கண்டிருந்தது. ஐயா, அணி வரவில்லை என்று எழுதியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். ஆடத் தகுதியில்லை என்று எழுதியிருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பேன். எவரும் வரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். நான் வந்திருந்தேன். நடுவர் அவர்களை அழைத்துக் கேட்டால் மறைக்காமல் சொல்வதாக என்னிடம் கூறியுள்ளார்.

9. ஆலையின் பெயரையும் செயலாளரின் பெயரையும் இம்மனுவில் எழுதவில்லை. தங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கும். நானாக எழுதமாட்டேன். எங்கள் பிள்ளைகள் ஐந்து பேர் அங்கே வேலை பார்க்கிறார்கள். என் மனுவால் அவர்களை யாரும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கும்படி ஆகக்கூடாது. தடை விதித்தது அவர்களுக்குத் தெரியாது. பொங்கலுக்கு வந்த கர்ணன், "கிளப்பு எப்படிண்ணே இருக்கு? இந்த வருசம் யாரு அடிக்கிறா?" என்று கேட்டான். நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு, வண்டி கிளம்புகிறது என்று எழுந்து போய்விட்டேன். வண்டி எதுவும் கிளம்பவில்லை.

10. இப்போது நிலையத்தில் அடுத்த பிள்ளைகள் நிற்கிறார்கள். அவர்களுடைய தாய்மாரும் மலைக்குப் போகிறவர்கள்தான். பதின்மூன்று, பதினான்கு வயது. கேடயத்தில் இப்போது ஆடமுடியாது என்று மட்டும், காரணம் சொல்லாமல், அவர்களிடம் சொன்னேன். அதிலிருந்து ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். பெரியவர்கள் மூன்று ஆண்டுகள் காத்திருந்து திரும்பி வரலாம். இந்தப் பிள்ளைகள் அதற்குள் மூட்டை தூக்கவோ தோட்டத்துக்கோ போய்விடுவார்கள். சில நாள் மாலையில் இரண்டு பேர் வருகிறார்கள். மழை நாளில் யாரும் வருவதில்லை. வலையைக் கட்டிவிட்டு நானே அவிழ்க்கிறேன்.

ஆகவே, அன்று ஆடுகளத்தில் கழகத்தின் சார்பில் ஒருவன் இருந்தான் என்பதைப் பதிவு செய்து, தடையை நீக்கி, இந்த ஆண்டுப் போட்டியில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இதில் எவர்மீதும் நடவடிக்கை வேண்டியதில்லை. மனுவின் நகல் ஆலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டுகிறேன்.

உத்தரவை மாற்ற வழியில்லை என்றால், தண்டனையைக் கழகத்தின் பெயரிலிருந்து எடுத்து என் பெயரில் எழுதிவிடுங்கள். பிள்ளைகளைப் போகச் சொன்னவன் நான். மூன்று ஆண்டு போதாது என்றால் இன்னும் கூட்டிக்கொள்ளலாம். அப்படி ஆணையானால் செயலாளர் பொறுப்பை விட்டுவிடுகிறேன். ஆடுகளத்துக்குள் கால் வைக்கமாட்டேன் என்றும் எழுதித் தருகிறேன். எனக்குப் பதில் செயலாளராக இருக்க ராக்கம்மாள் சம்மதித்துள்ளார். தடையைப் பற்றி இவ்வூரில் அவரிடம் மட்டும்தான் சொன்னேன். மகனிடம் சொல்வதில்லை என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். இந்தப் பொறுப்புக்கு எழுதப் படிக்கத் தெரியவேண்டுமே என்று நான் தயங்கியபோது, "வலை கட்டத் தெரியும். அஞ்சாறு வருசம் ஒக்காந்து பாத்திருக்கேன். எவன் ஒழுங்கா ஆடுறான், எவன் ஏமாத்துறான்னு தெரியும். வேற என்ன தெரியணும் தம்பி?" என்று கேட்டார். குழு கேட்டால் நேரில் வந்து சொல்லவும் தயாராக இருக்கிறார்.

பெயர் கொடுக்க இந்த மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது. அதற்குள் தங்கள் ஆணை வந்தால் வராமல் நின்றுவிட்ட பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டு வந்துவிடுவேன். ஆறு பேர் சேர்ந்துவிடுவார்கள்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்) ச. அய்யாத்துரை

மேலே கண்டதைப் படித்துச் சொல்லக் கேட்டுச் சம்மதித்தேன்:
ராக்கம்மாள், இடது கைப் பெருவிரல் ரேகை

இடம்: கூடலூர்
நாள்: 9.7.1979