ஆறடி தூரத்து வம்பு

மே 11, திங்கள்

மேகமூட்டம். மே மாதத்திலும் ஸ்வெட்டரைத் தேடவைக்கும் ஊர் ஓசூர். கொரோனா ஊரடங்கில் பல வாரம் மூடிக்கிடந்த கம்பெனி இன்று திறப்பு. தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்புக்குள் நுழைந்தால் அப்படி ஓர் அமைதி. கூரைக் கண்ணாடி வழியே இறங்கிய வெளிச்சத்தில் தூசி மிதந்தபடி. ஓடாத பழைய மெஷின்மேல் புறாக்கூடு. விரட்ட மனசில்லை.

தரையெங்கும் மஞ்சள் வட்டம், ஆளுக்கு ஒன்று, ஆறடி இடைவெளி. முகக்கவசத்தோடு எல்லோரும் அதற்குள் நின்றது, குளத்துத் தாமரை இலைகள்மேல் நிற்கிற மாதிரி. தொந்தியோடு நான், தவளை.

எனக்குப் புதுப் பதவி: கழுத்தில் விசில். வட்டம் தாண்டினால் ஊத வேண்டும். யார் யாரோடு ஒட்டி நின்று பேசுவார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும் என்றார் சூப்பர்வைசர் மேடம். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். ஊத வேண்டுமானால் முகக்கவசத்தை இறக்க வேண்டும், அதை யாரும் யோசிக்கவில்லை.

மே 12, செவ்வாய்

சாரல். வெண்டைக்காய் வாங்க மறந்தேன், வீட்டில் பாட்டு.

வம்பு என்பது காதோடு சொல்வது. ஸ்டோர்ஸ்காரர் மச்சினன் கதையை இன்று ஆறடி தள்ளிக் கத்திச் சொன்னேன். "அப்புறம்?" என்றார் ஸ்டோர்ஸ்காரரே, பின்னாலிருந்து.

ஆகவே புது ஏற்பாடு: எதிரெதிர் வட்டத்தில் நின்றபடி செல்போனில் பேசுவது. டீ நேரத்தில் ஷாப் முழுக்க இப்படித்தான்.

பஷீர் பாய் கூப்பிட்டார். என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பக்கத்து மெஷின். கண் மட்டும் எதிரே. குரல் பக்கத்து ஊர் மத்திகிரியும் தாண்டி எங்கிருந்தோ வருவதுபோல்.

"வீட்டுக்காரிக்கு நெஞ்சு வீக்குன்னு தெரியும்ல கோவிந்து. இது வந்தா தாங்காதுன்னுட்டாரு டாக்டரு. இங்க எவனாச்சும் மேல வந்து விழுந்தான்னா நான் நின்னுக்கறேன்ப்பா. வேலையே வேணாம்."

நாக்கு வரை வந்த நக்கலை விழுங்கினேன்.

"கிட்ட வந்தா ஊதறேன் பாய். யாரா இருந்தாலும்."

போனில் வீரம் சுலபம்.

மே 13, புதன்

கனவு. ராயக்கோட்டை மார்க்கெட், ஒவ்வொரு தக்காளிக்கும் ஒரு மஞ்சள் வட்டம். எல்லாம் உருண்டு ஒன்றோடொன்று சேர்கின்றன. ஊத ஊதச் சத்தமே வரவில்லை. தூக்கத்தில் என்ன புஸ் புஸ் என்று மனைவி எழுப்பிவிட்டாள்.

மே 14, வியாழன்

வெயில். முதலாளி வந்தார், பெங்களூரிலிருந்து, பாஸ் வாங்கி பார்டர் தாண்டி. முகக்கவசம் தாடையில். நல்ல மனுஷன்; யாரைப் பார்த்தாலும் தோளில் கை போட்டுத்தான் நலம் விசாரிப்பார். நேராக பஷீர் பாய் பக்கம் நடந்தார். பாய்க்குப் பின்னால் நகர இடமில்லை, மெஷின். பாய் கண் என்மேல்.

என் வயசு, என் தொந்தி, என் வாய். இந்த மூன்றையும் வேறெந்தக் கம்பெனி எடுக்கும்?

கவசத்தை இறக்கினேன். ஊதினேன்.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"யாருக்கு?" என்றார் முதலாளி.

"உங்களுக்குத்தான் சார். மாஸ்க்கை ஏத்திக்குங்க. கொஞ்சம் தள்ளி."

ஏற்றிக்கொண்டார். நிற்க இடம் தேடினார். எல்லா வட்டத்திலும் ஆள். அவருக்கு மட்டும் நாங்கள் வட்டம் போடவில்லை. பின்னாலேயே நகர்ந்து, நகர்ந்து, கதவுக்கு வெளியே வெயிலில் போய் நின்றார். அங்கிருந்து ஒரு கையைத் தூக்கினார். சரி என்பதா, இனி வராதே என்பதா, கண்ணை வைத்துச் சொல்ல முடியவில்லை.

மெஷின்கள் மறுபடி. போன் அடித்தது.

"நாளைக்கு வரேன்ப்பா," என்றார் பாய், எதிரே நின்று.

"நான் வருவேனான்னுதான் தெரியல, பாய்."