கட்டுரையில்லாத படம்

அன்புள்ள ஜெகதீஸ்வரிக்கு,

நான் சுகம். உமது முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசுகிறீரா?

ஞாயிறு பத்திரிகையில் என் படம் அரைப் பக்கத்துக்கு வந்திருக்கிறது. போரால் வடக்குக்கான பாதை மூடியதால் நம்மைப் போலப் பிரிந்திருக்கும் குடும்பங்களைப் பற்றிய கட்டுரைக்காக, வாசலில் நின்று வீதியைப் பார்க்கும் ஒரு பெண்ணை வரைந்திருந்தேன். "எழுத்துத்தான் முக்கியம், படம் தபால் முத்திரையளவு போதும்" என்று ஆசிரியர் சிவபாதசுந்தரம் வழக்கம்போலச் சொன்னார். நான் பள்ளியில் ஓவியம் படிக்காதவன் என்ற இளக்காரம். ஆனால் அரசாங்கத் தணிக்கையில் கட்டுரை முழுவதையும் வெட்டிவிட்டார்கள். படத்தைத் தொடவில்லை.

"ஐயா, பக்கம் வெள்ளையாக் கிடக்கு. உங்கட படத்தைப் பெருசாப் போடட்டே?" என்று ஆசிரியரே வந்து நின்றார்.

"பேரையும் பெருசாப் போடும்" என்றேன். போட்டார்.

இங்கே வெள்ளவத்தைக் கடைகளில் அதை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். கட்டுரையில் இருந்ததை எல்லோரும் என் படத்தில் வாசித்துவிட்டார்கள்.

படத்தைப் பற்றி விசாரிக்கப் பொலிஸார் இருவர் வந்தார்கள். தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். பயப்பட ஒன்றுமில்லை, யோசிக்க வேண்டாம்.

இப்போது சிறுவர் புத்தகம் ஒன்றுக்கு ஒரு தாயை வரைகிறேன். உமது மூக்குத்தி எந்தப் பக்கம் என்று உடனே எழுதும். எனக்குத் தெரியும், சரிபார்க்கத்தான் கேட்கிறேன்.

இதைக் கப்பலில் கொண்டுவருபவர் வாசலில் நிற்கிறார்.

உமது,
இராசரத்தினம்