காலிஃப்ளவர் கொடுத்த சாட்சி

என்னங்க,

அடுப்பு மேடையில் இருக்கும் ஓட்டை போட்ட டப்பாவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் புழுதான் என் சாட்சி. நேற்று ஆர்கானிக் காலிஃப்ளவரை நறுக்கும்போது தானாகவே வெளியே வந்தது.

மதியம் உங்கள் தங்கை வருகிறாள். "அண்ணி, ரெண்டு மடங்கு காசு காய்க்கு இல்ல, அதுல ஒட்டியிருக்கற ஸ்டிக்கருக்கு" என்று போன வாரம் சிரித்தாளே, நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்தீர்களே! அவள் செருப்பைக் கழற்றும் முன்பே டப்பாவைக் காட்டுங்கள். மருந்தடித்த காயில் புழு உயிரோடு இருக்குமா என்று கேளுங்கள். கொஞ்சம் அதட்டியே கேளுங்கள்.

சாப்பாடு ஹாட்பாக்ஸில் இருக்கிறது. கிளினிக்கில் இன்று கூட்டம், நான் வர ஏழு மணி ஆகும்.

பி.கு: ராத்திரி முழுக்க டப்பாவில் போட்டிருந்த காலிஃப்ளவர் இலையைப் புழு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலையில், நீங்கள் தள்ளுவண்டியில் வாங்கிய சாதா முட்டைக்கோஸிலிருந்து ஓர் இலை பிய்த்துப் போட்டேன். நான் குளித்துவிட்டு வருவதற்குள் பாதி காலி. தங்கை வருவதற்குள் அந்த முட்டைக்கோஸ் இலையை எடுத்து ஒளித்துவிடுங்கள். நீங்களும் சிரிக்கக் கூடாது.

இன்னொன்று: அவள் போனதும் மறக்காமல் இலையைத் திரும்பப் போட்டுவிடுங்கள். பாவம், பசிக்கும்.