தண்ணீர் இறங்கவில்லை, ஏறியிருக்கிறது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்கள் என்று தெரிந்தால் இன்னும் நன்றாக இருப்போம். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், சிரிப்பதானால் மாப்பிள்ளை இல்லாத நேரம் பார்த்துச் சிரி. போன வாரம் போனில், கிணற்றுத் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்குகிறது, நீ சொன்னபடி வீட்டையும் சலவைக் கடையையும் விற்றுவிட்டு உன்னோடு வந்துவிடுகிறோம் என்று அழுதேனே, அது அத்தனையும் தப்பு. தண்ணீர் ஏறியிருக்கிறது. உன் அம்மாவுக்குத்தான் கிணற்றை அளக்கிற நாடாவைப் படிக்கத் தெரியவில்லை.

கோடையில் மலைக்காடு எரிந்ததிலிருந்து அங்கே தரையெல்லாம் எண்ணெய் தடவின சட்டி மாதிரி ஆகிவிட்டது, ஒரு சொட்டு குடிப்பதில்லை. பெய்கிற மழையெல்லாம் கரிக்குழம்பாக நம் தெருவில் புகுந்து ஒரு மணி நேரத்தில் ஆற்றோடு போய்விடுகிறது, கிணறு மட்டும் காய்ந்துகொண்டே போகிறது. இதற்காகத்தான் நிலத்தடி நீர் ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி வந்து பழைய கல்குவாரியில் இரண்டு குழி வெட்ட வைத்தாள், உன் வயசுதான், வாயும் உன் அளவுக்கு நீளம். முதல் குழியில் வெள்ளத்தை நிறுத்திச் சாம்பலைப் படிய விடுவது, தெளிந்ததை மணலும் ஜல்லியும் நிரப்பின இரண்டாவது குழி வழியாகப் பூமிக்குள் இறக்குவது. இறங்கின தண்ணீர் அடியில் தங்குகிறதா, நம் கிணறுகளுக்கு வருகிறதா, சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. அதுவரை நம் குழாய்க் கிணற்றில் மோட்டார் போடக்கூடாது என்று பூட்டிவிட்டாள், கடை லாரித் தண்ணீரில்தான் ஓடுகிறது. தினம் காலையில் கிணற்றை அளந்து நோட்டில் எழுதும் பொறுப்பை எனக்குக் கொடுத்தாள். மூன்றாம் வகுப்புப் படிப்புக்குக் கிடைத்த முதல் உத்தியோகம், உன் அப்பா என்னை ஆபீசரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்.

முதல் மழைக்கு இரண்டாவது குழி தண்ணீரை உள்ளே இழுக்கவே இல்லை, தட்டில் ஊற்றினது போல் மூன்று நாள் அப்படியே நின்றது. நான் இறங்கிக் கையை விட்டுப் பார்த்தேன், மணல் மேல் வழவழவென்று கறுப்பாய் ஓர் ஏடு. முப்பது வருஷம் அழுக்கோடு மல்லுக்கட்டினவளுக்கு இது தெரியாதா, நம் மெஷின் வடிகட்டி அடைத்துக்கொள்வதும் இப்படித்தானே. இதைச் சுரண்டி எறிஞ்சா போதும் கண்ணு, உன் கம்ப்யூட்டரை அப்புறம் தட்டு என்றேன். முறைத்தாள், பிறகு அவளே மண்வெட்டியை எடுத்தாள். தண்ணீரை முதல் குழிக்கே திருப்பி இறைத்துவிட்டுத் தெருவே இறங்கிச் சுரண்டியது. பக்கத்து வீட்டு டீச்சர் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டு, யாரும் பாக்கலையே என்று கேட்டது கடைசி வீடு வரைக்கும் கேட்டது. அடுத்த வெள்ளத்தைக் குழி ஒரே நாளில் குடித்துவிட்டது.

அதற்கப்புறம்தான் என் கூத்து. நாடாவின் நுனி தண்ணீரைத் தொட்டால் கீச்சென்று கத்தும், அப்போது குழாய் வாயில் நிற்கிற எண்ணை எழுத வேண்டும். பதினாலு மீட்டர், பதிமூன்றரை, பதிமூன்று என்று தினம் குறைந்து பதினொன்றுக்கு வந்துவிட்டது. எண் குறைந்தால் தண்ணீர் குறைகிறது என்றுதானே தோன்றும், குழாய்க் கிணற்றை எட்டியா பார்க்க முடியும். தெரு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டேன், டயர் கடைக்காரர் கடையை மாற்ற இடம் தேட ஆரம்பித்துவிட்டார். சனிக்கிழமை அந்தப் பெண் நோட்டைப் பார்த்துவிட்டு, அம்மா, இது மேலேயிருந்து தண்ணி வரைக்கும் உள்ள தூரம், தூரம் குறைஞ்சா தண்ணி கிட்ட வருதுன்னு அர்த்தம், மூணு மீட்டர் ஏறியிருக்கு, நீங்க எதுக்கு அழறீங்க என்று கேட்டாள். ஆபீசரம்மாவுக்கு ஆனந்தக் கண்ணீர் என்றார் உன் அப்பா. அன்று முழுக்க அவருக்குக் காப்பி கிடையாது.

ஆகவே மகளே, வீட்டுத் தரகரிடம் வரவேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. இன்னும் எதுவும் முடிந்துவிடவில்லை என்பது எனக்குத் தெரியும். வியாழக்கிழமை அந்தப் பெண்ணின் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வந்து, குழியை வைப்பதா மூடுவதா என்று சொல்லப்போகிறார். மூடச் சொன்னால் குழிக்குள் நாற்காலி போட்டு உட்காருவேன், டீச்சரும் துணைக்கு வருகிறேன் என்றிருக்கிறார். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் யார் யார் சுரண்டுவது என்று முறையும் வைத்துவிட்டோம். இந்தக் கடையில்தான் உன்னை வளர்த்தேன், கரித்தண்ணீருக்குப் பயந்து விட்டுவிட்டு வரமாட்டேன். உங்களைப் பார்க்க வருவேன், குடியிருக்க இல்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல், மனம்போல் எல்லாம் அமைந்து வாழ வேண்டும். மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையை உன் கறுப்புத் துணியோடு சேர்த்துப் போடாதே, சலவைக்காரி மகள் என்று வெளியே சொல்ல முடியாது.

ஆசிகளுடன்,
உன் அம்மா

பி.கு. கவரை ஒட்டாமல் வைத்திருந்ததால் இதையும் எழுதுகிறேன். இன்று அதிகாரி வந்தார். வெயிலில் குழியைச் சுற்றிப் பார்த்தார், என் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார், தண்ணீர் சுத்தம் என்று பரிசோதனையில் வந்தால் குழியை மூட வேண்டாம் என்றார். பிறகு தாகமாக இருக்கிறது என்றார். உன் அப்பா பிரிட்ஜிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார், அவர் முழுவதும் குடித்தார். அது பரிசோதனைக்கு அனுப்ப அந்தப் பெண் எடுத்து வைத்திருந்த நம் கிணற்றுத் தண்ணீர். அவள் வேறு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள். முடிவு வரப் பத்து நாள் ஆகும். அதிகாரியின் போன் நம்பரை வாங்கி வைத்திருக்கிறோம்.