ஐயாயிரம் யானை

பிளானோ, நவம்பர் 1998

அன்புள்ள நாகமணிக்கு,

மகளும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசி ஒரு மாதமாகிறது. இருவரிடமும் காரணம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன். நேற்றுச் சாப்பாட்டு மேஜையில், டிவியில் பார்த்த பழங்கால கார்த்தேஜ் நகரத்துச் சண்டையை எடுத்துவிட்டேன். கலகம் செய்த கூலிப்படையை மலையிடுக்கில் முற்றுகையிட்டார்களாம். பசி தாங்காமல் குதிரையைத் தின்று, பிறகு கைதிகளையே தின்றார்களாம். வளைத்து நின்ற யானை ஐயாயிரம் என்பது என் கணக்கு. எட்டாங்கிளாஸ் படிப்புக்கே இவ்வளவு சரித்திரம்!

“அப்பா, ரீல் விடாதீங்க” என்றாள் மகள்.

“அவ்வளவு யானைய எங்க மாமா பார்க் பண்ணாங்க?” என்றார் மாப்பிள்ளை.

மகள் சிரித்துவிட்டாள். அவரைப் பார்த்து, “ரசம் ஊத்தட்டா?” என்றாள்.

இன்று மறுபடி மௌனம். அடுத்த யுத்தத்துக்கு எனக்குத் தெம்பில்லை. விசா கிடைத்ததும் வந்துவிடு.

உன் வீட்டுக்காரன்