வராத பதினோரு பேர்

அன்புள்ள உங்களுக்கு,

நீங்களும் பாப்பாவும் சுகம்தானே? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை, சளிகூட விட்டுவிட்டது.

இங்கே ஒரு சின்னச் சங்கதி. பதறாதீர்கள். புதுப் பாடமுறையால் ஒரு வகுப்பின் கணக்குச் சராசரி ஐம்பதிலிருந்து அறுபதாக ஏறியதென்று எங்கள் ஆய்வு மேலாளர் அறிக்கை எழுதினார். பெயர்ப்பட்டியலைப் பார்த்தேன். முதல் தேர்வை நாற்பது பேர் எழுதியிருந்தார்கள். இரண்டாவதை இருபத்தொன்பது பேர்தான். வராத பதினோரு பேரும் முதல் தேர்வில் கடைசியில் நின்றவர்கள். வந்த இருபத்தொன்பது பேருக்கு முதல் தேர்விலும் அறுபதுதான் சராசரி!

"ஏறிடுச்சுல்ல, அப்புறம் என்னம்மா?" என்றார்.

"யாரும் கூடுதலா வாங்கல சார். கம்மியா வாங்கினவங்க வரல, அவ்வளவுதான்" என்றேன். என் வாய் சும்மா இருக்குமா? அறிக்கையில் கையெழுத்துப் போடவும் மறுத்துவிட்டேன்.

மூன்று நாள் அறிக்கையை அவர் தன் மேசையிலேயே போட்டுவைத்தார். இன்று காலை, "நீயே போய் அந்தப் பதினோரு பேருக்கும் தேர்வு வச்சுட்டு வா" என்றார். ஜெயித்தது நான்தான். ஆனால் அவர்களை வீடு வீடாகத் தேடிப் போக வேண்டும், அதனால் நான் வீடு திரும்புவது ஒரு மாதம் தள்ளிப்போகிறது. அதிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன்.

என் சாம்பல் நிறச் சால்வையை அனுப்புங்கள். பாப்பாவின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள், செருப்பு வாங்க வேண்டும். 'பொதுவா நல்லா இருக்கா' என்று மட்டும் எழுதாதீர்கள். தபால்காரர் வாசலில் நிற்கிறார், முடிக்கிறேன். பாப்பா என்னைக் கேட்டு அழுத நாட்களையும் விடாமல் எழுதுங்கள்.

உங்கள்
பாப்பாவின் அம்மா